ஏரிக் குத்தகையும் மலையோடை மீனும்: திருநின்றவூரிலிருந்து அவலாஞ்சி வரை

பொதுநீரில் வளரும் மீனைப் பிடித்து விற்போர் அந்த உரிமைக்காக ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என்னும் வழக்கம் உலகின் பல நாடுகளில் நிலவுகிறது. அத்தொகை எந்தக் கணக்கில் சேர்கிறது, யாருடைய முடிவின்படி எதற்குச் செலவாகிறது என்பதைப் பொறுத்தே அந்த நீர்நிலையின் மீன்வளம் பெரிதும் தழைக்கவோ தேயவோ செய்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளில் இத்தொகை மீன்பாசிக் குத்தகை எனப்படுகிறது. ஏரியின் மீனைப் பிடித்து விற்கும் உரிமையை ஏலத்தில் எடுப்பவர் செலுத்தும் பணமே அது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் என்னும் மீனைப் பிடித்து வாழும் மீனவர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியோ, அம்மீன் முட்டையிடும் ஆறுகளைச் சீர்செய்யவும் குஞ்சு பொரிப்பகங்களை நடத்தவும் தனியே ஒதுக்கப்படுகிறது. இவ்விரு ஏற்பாடுகளுக்கும் இடைப்பட்டதாக, சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீனுக்காக நீலகிரி மலையில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன் தொடங்கிய முயற்சி அமைகிறது. சென்னையின் மேற்குப் புறநகரான திருநின்றவூரின் ஏரிக்கரையில் புறப்பட்டு, பவானியாற்றைத் தாண்டி, அவலாஞ்சி மலையோடை வரை செல்லும் ஒரு பயணம் இவை அனைத்தையும் ஒருசேர எண்ணிப் பார்க்க இடமளிக்கிறது.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி ஆகிய நிலையங்களை அடுத்து வருவது திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாள் கோயிலால் வைணவத்தின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகவும், மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊராகவும் அறியப்படும் இவ்வூர், நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியாயிற்று. இவ்வூரின் பெரிய ஏரி ஒருகாலத்தில் நெல்வயல்களுக்குப் பாய்ந்த நீரைத் தாங்கி நின்றது. ஏரிநீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பை ஆயக்கட்டு என்பர். அந்த ஆயக்கட்டின் பெரும்பகுதி இன்று வீட்டுமனைகளாகிவிட்டது. மழை மிகுந்த ஆண்டுகளில் ஏரியை ஒட்டிய குடியிருப்புகளில் வெள்ளம் தேங்குகிறது. நீர் ஏற வேண்டும் என்று வேண்டிய ஊரில் இப்போது நீர் இறங்க வேண்டும் என்று வேண்டுவோரும் உள்ளனர். பாசனத்துக்கென வெட்டிய ஏரி பாசனத்தை இழந்த பின்னும் அதில் ஒரு தொழில் எஞ்சியிருக்கிறது என்றால், அது மீன்பிடித் தொழிலே. புறநகரின் பல ஏரிகளுக்கும் இது பொருந்தும்.

குத்தகையின் நடைமுறை அதன் விளைவைத் தெளிவாகக் காட்டக்கூடியது. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உடைய ஏரிகள் முன்பு பொதுப்பணித் துறை என்றும் இப்போது நீர்வளத் துறை என்றும் வழங்கும் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி அமைப்புகளின் பொறுப்பிலும் உள்ளன. குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கில் ஓடும். பசலி என்பது ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பழைய வருவாய் ஆண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏரியை நிரப்ப, அதையடுத்துக் குத்தகைக்காரர் மீன்குஞ்சு வாங்கி விடுகிறார். பங்குனிக்கு மேல் நீர் வற்ற வற்ற வலை வீச்சு கூடுகிறது. வைகாசி, ஆனி மாதங்களில் எஞ்சிய குட்டையையும் அரித்துவிட்டால் பசலி முடிகிறது. அடுத்த ஆண்டு ஏலம் யார் கைக்குப் போகுமோ என்ற நிலையில், சினை மீன் நான்கை நீரில் விட்டுவைக்க வேண்டிய காரணம் எதுவும் ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு இல்லை. இதைப் பேராசை என்று பழிப்பது நேர்மையாகாது; கட்டிய பணத்தை ஒரே கோடையில் எடுத்தாக வேண்டும் என்னும் நெருக்கடியை உண்டாக்கியது குத்தகையின் காலவரம்புதான். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பிறருக்கும் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து உரிமை தரும் ஏற்பாடும் உண்டு. அது இவ்வகையில் மேலானது.

ஏரியில் விடப்படும் குஞ்சுகள் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்று கெண்டை இனங்களைச் சேர்ந்தவை. கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிருகால் அடிச்சேற்றிலும் இரை தேடுவதால் ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. மூன்றையும் சேர்த்து விடுவதன் அறிவு அதுவே. ஆயினும் கங்கைச் சமவெளியின் ஓடும் ஆறுகளில் முட்டையிடும் இயல்புடைய இம்மீன்கள் தேங்கிய ஏரிநீரில் இனம் பெருக்குவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டை மீன்களைச் செயற்கையாக முட்டையிடச் செய்தார். நாடெங்கும் ஏரிகளில் குஞ்சு விடும் வழக்கம் பரவியது அதன் பின்னரே. அந்நாள் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இச்சாதனையின் பயன் பெரிது. எனினும், பண்ணையிலிருந்து ஆண்டுதோறும் விலைக்கு வாங்கி விடும் குஞ்சு ஏரியின் சொந்த மீன்வளத்தை மீட்பதில்லை. அது பயிரிடுதல், மீட்பு வேறு.

மீட்கப்பட வேண்டியவை விரால், குறவை, கெளுத்தி, உளுவை, ஆரால், அயிரை முதலிய உள்ளூர் மீன்கள். மழைக்காலத்தில் ஏரியின் மிகைநீர் வழியும் கற்கட்டுமானமான கலங்கல் வழியே வெள்ளம் பாயும்போது, இவற்றுள் பல நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, வாய்க்காலிலும் நனைந்த வயலிலும் முட்டையிட்டன. விராலோ ஏரியின் கோரைப்புல்லுக்கு இடையில் சிறு இடத்தைத் துப்புரவு செய்து முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்மட்டத்தில் நகர, தாயும் தந்தையும் அடியில் நின்று காக்கின்றன. ஏரிக்கரை மக்கள் அத்திரளை விரால் பார்ப்பு என்பர். பார்ப்பு தெரிந்த இடத்தில் தூண்டில் போட்டால் காவலிருக்கும் பெற்றோர் மீன்கள் எளிதில் சிக்கிக்கொள்ளும்; அதன் பின் குஞ்சுகள் பிழைப்பது அரிது. வாய்க்கால்கள் தூர்ந்து, வயல்கள் மனைகளாகி, கழிவுநீர் கலந்த ஏரிகளில் இவ்வினங்கள் அருக, 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீனான திலாப்பியா, ஜிலேபி என்ற செல்லப் பெயரோடு எல்லா நீரிலும் பெருகிவிட்டது. கரையில் வலையைக் கொட்டும்போது முதலில் தென்படுவது அதன் சாம்பல்நிற முதுகே; கூறு கட்டி விற்பவர் ஜிலேபியைத் தட்டில் குவித்து வைக்க, உயிருள்ள விரால் கிடைத்தால் அதை மட்டும் தனியே தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் விட்டு, பன்மடங்கு விலை கூறுவர்.

மீன் வருவாயை ஏரிக்கே திருப்புதல் தமிழகத்துக்குப் புதிய கருத்தன்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்னும் வரி இடம்பெறுகிறது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்காகப் பெறப்பட்ட இவ்வருவாயைச் சில ஊர்ச்சபைகள் ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கின. ஏரிப்பட்டி என்னும் பெயரில் ஏரிப் பராமரிப்புக்கு நிலம் விடப்பட்டதும், முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்னும் குழுவுக்கான தேர்தல் முறை பொறிக்கப்பட்டதும் இதே ஒழுங்கின் பகுதிகள். வரி தண்டிய சபையும், தூர்வாரிய சபையும், அந்நீரால் விளைந்த நெல்லை உண்டவர்களும் ஒரே ஊரினர் என்பதால் பணம் வழிதவறினால் உடனே தெரிந்துவிடும். இன்றைய ஏற்பாட்டில் சிறு நீர்நிலைகளின் குத்தகைத் தொகை உள்ளாட்சியின் பொதுவருவாயிலும், பெரிய ஏரிகளினுடையது அரசுக் கணக்கிலும் கலந்துவிடுகிறது. கலந்த பின் அது தெருவிளக்குக்குப் போயிற்றா, கரைக்குப் போயிற்றா என்று பிரித்தறிய இயலாது. தெருவிளக்கும் வேண்டுவதே, ஆனால் ஏரி ஈட்டிய பணத்தில் ஏரிக்குரிய பங்கு இவ்வளவு என்று எங்கும் வரையறுக்கப்படாதது பெரும் குறை.

திருநின்றவூர் வழியாகவே நீலகிரி விரைவு வண்டி ஒவ்வோர் இரவும் மேட்டுப்பாளையத்துக்கு விரைகிறது. அது இங்கே நிற்பதில்லை என்பதால், புறநகர் மின்வண்டியில் சென்ட்ரலுக்கோ அரக்கோணத்துக்கோ சென்று அதில் ஏற வேண்டும். காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் என்று இருளில் கடந்து செல்லும் அந்த நீண்ட இரவு, சால்மன் மீனின் கதையை விரித்துரைக்க ஏற்ற இடைவெளி.

சால்மன் நன்னீரில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிடும் மீன். பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. ஆகவே அதன் வாழ்வு ஆற்றின் மேற்பகுதியில் உள்ள குளிர்ந்த கூழாங்கல் படுகையை நம்பியிருக்கிறது. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றின் குறுக்கே 1945-இல் முடிக்கப்பட்ட சாஸ்தா அணையைப் போன்ற பெருங்கட்டுமானங்கள் அந்தப் படுகைகளுக்குச் செல்லும் வழியை அடைத்தன. அம்மாநிலத்தில் விற்பனைக்காகச் சால்மன் பிடிப்போர் தம் உரிமத்துடன் சால்மன் முத்திரை என்னும் தனிச் சீட்டையும் விலைக்கு வாங்க வேண்டும். அந்தப் பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, மீனவரே இடம்பெறும் ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டு, சால்மன் பெருக்கத்துக்குச் செலவிடப்படுகிறது. அலாஸ்காவில் 1970-களின் தொடக்கத்தில் சால்மன் வரத்து மிகவும் குன்றியபோது, 1973-இல் மீன்பிடி உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1974-இல் இலாப நோக்கற்ற அமைப்புகள் குஞ்சு பொரிப்பகம் நடத்த இசைவு தரப்பட்டது. 1980-இல் சால்மன் பெருக்க வரி வந்தது. இவ்வரியின் சிறப்பு, அந்தந்தப் பகுதியின் உரிமம் பெற்ற மீனவர் தம்முள் வாக்கெடுத்து, பிடித்த மீனின் மதிப்பில் 1, 2 அல்லது 3 விழுக்காடு தருவதாகத் தாமே முடிவு செய்வதில் இருக்கிறது. வரியை அரசு தண்டி, அப்பகுதியின் மீன்பெருக்கச் சங்கத்துக்கே அளிக்கிறது. உத்திரமேரூரின் ஏரி வாரியத்தார் இதைக் கேட்டால் வியந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாடுகளையும் குறையற்றவை என்று கொள்ள முடியாது. கலிபோர்னியாவில் சால்மன் வரத்து குன்றியதால் 2008, 2009 ஆகிய ஆண்டுகளிலும், மீண்டும் 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் விற்பனைக்கான மீன்பிடி முற்றிலும் நிறுத்தப்பட்டது. மீன்பிடி நின்றால் அதனால் வரும் கட்டணமும் மெலிகிறது. மீட்புப் பணிக்குப் பணம் மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் பணம் வரும் வழி அடைகிறது. மீனைக் குறைத்தவர்கள் மீனவர் மட்டுமல்லர். அணை கட்டியவர்களும், ஆற்றுநீரைப் பெருந்தோட்டங்களுக்குத் திருப்பியவர்களும், காட்டை வெட்டியவர்களும் அதில் பங்குடையவர்கள். மீட்பின் சுமையை மீனவர் கட்டணத்தின்மேல் மட்டும் ஏற்றுவது அநீதி என்பதோடு, பலிக்காத திட்டமுமாகும். அலாஸ்காவில், பொரிப்பகத்தில் பிறந்த மீன்கள் வழிமாறி இயற்கை ஓடைகளில் நுழைந்து காட்டுமீன்களின் மரபைக் கலக்கின்றனவா என்ற விவாதம் அறிவியலாளரிடையே இன்னும் ஓயவில்லை.

விடியலில் வண்டி மேட்டுப்பாளையத்தை அடையும்போது பவானியாறு அருகில் ஓடுகிறது. சற்றுக் கீழே, நீலகிரியின் வடபுறமாகச் சுற்றிவரும் மாயாறு பவானியில் கலக்கும் இடத்தில், 1955-இல் முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை நீரைத் தேக்கி நிற்கிறது. 1974-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் வரலாற்றில் இந்நீர்த்தேக்கத்துக்கு முக்கிய இடம் உண்டு. குஞ்சு விடுதல், பரிசலில் சென்று மீன்பிடிப்போருக்கு உரிமை தருதல், பிடித்த மீனை எடைபோட்டு அவர்க்குரிய பங்கை வழங்குதல் ஆகியவை ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்ததால், வருவாயும் செலவும் ஒரே ஏட்டில் பதிவாயின. ஏரிக் குத்தகையில் காணாத தொடர்பு இது.

காவிரிப் படுகையின் மஹ்சீர் மாயாற்றில்தான் தன் இறுதிப் புகலிடத்தைக் கொண்டிருக்கிறது. மஹ்சீர் என்பது பெருஞ்செதிலும் பேருருவும் கொண்ட ஆற்றுக்கெண்டை. அதில் முதுகு திமிலாக உயர்ந்த இனம் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழ்வது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் தூண்டிலில் பிடித்த மீன் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. 1972-இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, உறுப்பினர் செலுத்திய பணத்தில் உள்ளூர்க் காவலர்களை அமர்த்தி, வெடிவைத்து மீன் கொல்வதைத் தடுத்தது. பின்னர் பீமேஸ்வரி முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. மீனைப் பிடித்து எடைபோட்டு உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. கட்டணம் செலுத்தியோர் பணத்தில் காவலரின் குடும்பம் வாழ்ந்தது. காவலரால் மீன் வாழ்ந்தது. காப்புக்காட்டு எல்லைக்குள் தூண்டிலிடுவதும் வேட்டையே என்று வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால் 2012-க்குள் இம்முகாம்கள் தூண்டிலை நிறுத்தின. சட்டத்தின் நோக்கம் தூயது; ஆனால் கட்டணம் நின்றதும் கரைக்காவலும் தளர்ந்தது.

இதே காவிரியில் நிகழ்ந்த மற்றொன்று இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மீன் பெருக வேண்டும் என்ற நன்னோக்கில், மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தார் நடத்திய பொரிப்பகத்திலிருந்து நீலத்துடுப்பு மஹ்சீரின் குஞ்சுகள் 1970-கள் தொடங்கிக் காவிரியில் விடப்பட்டன. தூண்டில் முகாம்களின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆய்ந்தபோது, வந்தேறிய இனம் பெருகப் பெருகத் திமில் மஹ்சீர் சரிந்து போனது புலப்பட்டது. பெருமீன் என்று அனைவரும் அறிந்திருந்தும், அறிவியல் பெயர் உறுதியாகாமலே அது அழிவை நெருங்கியது; 2018-இல்தான் மாயாற்றில் எடுத்த மீன்களைக் கொண்டு, அது 2007-இல் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து டார் ரெமதேவி என்ற பெயரில் விவரிக்கப்பட்ட இனமே என்று ஆய்வாளர் நிறுவினர். அவ்வாண்டே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. கட்டணமும் காவலும் அக்கறையும் இருந்தும், எந்த மீனைப் பெருக்குவது என்ற ஒரு கேள்வி கேட்கப்படாததால் வந்த இழப்பு இது.

மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மலைவண்டி 46 கி.மீ. கடந்து உதகமண்டலத்தை அடைகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் இப்பாதை திறக்கப்பட்டது. அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் தோன்றியது அதற்கு ஓராண்டு முன், 1907-இல். டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவரும் ஆசை அதனினும் பழையது. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1863-இல் செய்த முதல் முயற்சி தோற்றது. அடுத்து வந்த முயற்சிகளும் நிலைக்கவில்லை. 1877-இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கத்தின் கோரிக்கையை ஒட்டி, 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டையாடவும் தூண்டிலிடவும் பருவம் வகுக்கப்பட்டது. உரிமம் பெறாதவர் தண்டிக்கப்பட்டனர். உரிமக் கட்டணத்தைக் கொண்டு சங்கம் காவலர்களை அமர்த்தியது. ஆங்கிலேய விளையாட்டு வேட்டைக்காரரின் நலனே இச்சட்டத்தின் உயிர்நாடி என்பதையும், மலையின் பழங்குடியினர் கருத்து அதில் கேட்கப்படவில்லை என்பதையும் மறைத்துப் பேசுவது வரலாற்றுக்குத் துரோகம். ஆனாலும் நீரிலிருந்து எடுப்போர் தந்த பணம் அந்நீரின் காவலுக்கே சென்ற ஓர் ஏற்பாடு, சென்னை மாகாணத்தில் சட்டத்தின் துணையோடு நடந்தது என்பது மறுக்க முடியாத உண்மை.

எச். சி. வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநரின் பொறுப்பில் சங்கத்தின் முனைப்பும் அரசின் உதவியும் சேர்ந்து அவலாஞ்சிப் பொரிப்பகம் வேரூன்றியது. வானவில் டிரவுட் என்னும் இனமே இறுதியில் இங்கு நிலைத்தது. உதகையிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குச் செல்லும் சாலை தேயிலைத் தோட்டத்தையும் காரட், உருளைக்கிழங்குப் பாத்திகளையும் கடந்து, குந்தா நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்களை ஒட்டிச் செல்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய இடம் இது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், சோலைக்காட்டின் ஓடையைச் சிறு வாய்க்காலாகத் திருப்பி, நீள்தொட்டிகளின் வழியே இடைவிடாது ஓடச் செய்வதே பொரிப்பகத்தின் அடிப்படை. டிரவுட்டுக்கு 20 பாகைக்கு மேல் வெப்பம் ஏறாத, உயிர்வளி நிறைந்த ஓடுநீர் வேண்டும். நீர் ஓட்டம் சிறிது நேரம் நின்றாலும் தொட்டி மீன் மூச்சுத்திணறும். குளிர்காலத்தில் முதிர்ந்த பெண்மீனைத் துணியால் பற்றி, வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடினால், ஆரஞ்சு நிற முட்டைகள் உலர்ந்த தட்டில் விழுகின்றன. ஆண்மீனின் விந்துநீரையும் அதே முறையில் எடுத்து, இறகால் கலக்கி, பிறகே தண்ணீர் சேர்க்கின்றனர். 10 பாகை நீரில் ஏறக்குறைய 30 நாளில் குஞ்சு பொரிக்கிறது. அதுவரை கெட்டு வெளுத்த முட்டைகளை அன்றாடம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடித்து அருகிலுள்ள முட்டைகளையும் அழித்துவிடும்.

இத்தனை பொறுமையோடு காக்கப்படும் மீன் இம்மலைக்கு உரியதன்று என்பதுதான் அவலாஞ்சியின் முரண். உரிமக் கட்டணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதை நீலகிரி சரியாகத் தீர்மானித்தது. எந்த உயிரை வளர்க்க வேண்டும் என்பதில் ஆளவந்தவர்களின் விருப்பம் முந்திக்கொண்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. வேட்டைச் சங்கமும் பெயரையும் நோக்கையும் மாற்றிக்கொண்டு, இன்று நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கமாக இயங்குகிறது. டிரவுட் ஓடைகள் பல 1990 முதல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிட்டன. இந்நிலையில் இப்பொரிப்பகத்தின் பட்டறிவை மாயாற்றின் திமில் மஹ்சீருக்கும் சமவெளியின் விராலுக்கும் பயன்படுத்த முனைவது, வெளிநாட்டு மீனை மேலும் பரப்புவதினும் பன்மடங்கு தகுதியான பணியாகும்.

ஏரிகளுக்கு வேண்டிய திருத்தங்கள் இப்பயணத்திலிருந்தே கிடைக்கின்றன. குத்தகை ஓராண்டோடு முடியாமல் ஐந்தாண்டுக்காவது நீள வேண்டும்; தொகையில் ஒரு பங்கு அதே ஏரியின் தனிக் கணக்கில் நின்று, வரத்து வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் கழிவுநீரைத் தடுக்கவும் உள்ளூர் மீனைப் பெருக்கவும் செலவாக வேண்டும்; விரால் பார்ப்பு தென்படும் மாதங்களில் வலையும் தூண்டிலும் ஓய வேண்டும்; ஏரியில் கழிவுநீரைக் கலப்போரும் மனை போட்டு விற்போரும் குத்தகைக்காரரைப் போலவே ஏரிக்குப் பணம் செலுத்தும்படி செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னது நடக்காதவரை, மீனவர் தரும் பணம் எவ்வளவு நேர்மையாகச் செலவானாலும் போதாது.

இவற்றுக்கெல்லாம் முற்பட, ஒவ்வோர் ஊரிலும் மீன்பாசி ஏலத்தில் கிடைத்த தொகை எவ்வளவு, அதில் ஏரிக்குத் திரும்பியது எவ்வளவு என்பது மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஊராட்சிகளில் கிராம சபையிலும், திருநின்றவூர் போன்ற நகராட்சிகளில் பகுதி சபையிலும் வாசகர்கள் இக்கேள்வியை எழுப்பித் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்ய வேண்டும். அங்கே விடை கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டியது உரிய அலுவலகத்தின் சட்டக் கடமை.